வாடகை வீட்டில் தண்ணீர்ச் செலவு கைமீறிப் போகிறது: எங்களைப் போன்ற குடும்பங்கள் என்ன செய்வது?

கேள்வி (பின்போர்ஷன் வாடகைதாரர், பள்ளிக்கரணை, சென்னை)

அனைவருக்கும் வணக்கம். ஐந்து குடித்தனங்கள் உள்ள ஒரு வீட்டின் பின்போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். நான் துணிக்கடையில் விற்பனை வேலை பார்க்கிறேன். மனைவி இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 22,000 ரூபாய் வருகிறது. தண்ணீருக்கும் மோட்டாருக்கும் சேர்த்து 300 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த வீட்டு உரிமையாளர், லாரித் தண்ணீர் விலை ஏறிவிட்டதாகச் சொல்லி இந்தச் சித்திரை முதல் 700 கேட்கிறார். போர் தண்ணீர் உப்பாக இருப்பதால் பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் கேன் ஒன்றுக்கு 40 ரூபாய் வீதம் மாதம் 18 கேன் வாங்குகிறோம். ஆக, தண்ணீருக்கு மட்டும் 1,420 ரூபாய் போகிறது. மாதக் கடைசியில் கேன் வாங்குவதற்காகப் பால் பாக்கெட்டைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கிறது.

குடிநீர் வாரியத்தின் கட்டணம் குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் குறைந்த கட்டணம் ஏன் எங்களை வந்தடையவில்லை? உரிமையாளர் தம் விருப்பப்படி இப்படி உயர்த்தலாமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற கணக்கர்)

ஐயா, உங்கள் கணக்கையே சற்று விரித்துப் பார்ப்போம். 20 லிட்டர் 40 ரூபாய் என்றால் 1,000 லிட்டருக்கு 2,000 ரூபாய் ஆகிறது. குழாய் இணைப்பு உள்ள வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சென்னையில் மீட்டரே கிடையாது. எவ்வளவு பிடித்தாலும் ஒரே கட்டணம்தான். அவர்கள் ஒரு மாதம் முழுவதற்கும் செலுத்தும் தொகையை நீங்கள் சில நாள் கேன்களுக்கே கொடுத்துவிடுகிறீர்கள். தண்ணீர்ச் செலவு குடும்ப வருமானத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் சொல்லும் அளவு. உங்கள் வீட்டில் அது 6 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது.

இதற்கு வேர் 2011-இல் இருக்கிறது. அந்த ஆண்டில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, பள்ளிக்கரணை போன்ற பகுதிகள் எல்லைக்குள் வந்தன. ஆனால் குழாயும் பாதாளச் சாக்கடையும் அதே வேகத்தில் வரவில்லை. குழாய் வராத இடத்தில் லாரிக்காரர் சொல்வதே விலை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நாட்களில், தனியார் லாரி ஒரு நடைக்கு 5,000 ரூபாய் வரை கேட்டது பலருக்கும் நினைவிருக்கும். போதாக்குறைக்கு, 2022-இல் சொத்துவரி உயர்ந்தது. குடிநீர், கழிவுநீர் வரி சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 விழுக்காடாகக் கணக்கிடப்படுவதால், அந்தச் சுமையையும் உரிமையாளர்கள் வாடகைதாரர் மீதே இறக்குகிறார்கள்.

என் கருத்தில், எல்லா வீடுகளுக்கும் மீட்டர் பொருத்தி, அடிப்படைத் தேவைக்கான அளவை இலவசமாகக் கொடுத்து, அதற்கு மேல் பிடிப்பவர்களிடம் கூடுதலாக வாங்குவதே நியாயம்.

பதில் 2 (பெரும்பாக்கம் குடியிருப்புப் பெண்)

மேலே எழுதிய ஐயா மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மீட்டர் வைத்து இலவச அளவு கொடுத்தால் ஏழைகளுக்குத் தீர்வு கிடைத்துவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டெல்லியில் 2015 முதல் மாதம் 20,000 லிட்டர் வரை இலவசம் என்று அறிவித்தார்கள். வேலை செய்யும் மீட்டர் யார் வீட்டில் இருந்ததோ அவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. அந்த அளவைத் தாண்டினால் முழுவதற்கும் கட்டணம் செலுத்த வேண்டும். ஐந்து குடித்தனங்கள் ஒரே இணைப்பில் தண்ணீர் பிடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சலுகையை இணைப்புக்குக் கொடுக்கிறார்கள். பின்போர்ஷனில் இருப்பவர் பெயர் அந்த இணைப்பில் எங்குமே இல்லை.

இன்னொரு செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் முன்பு குடியிருந்த தெருவில் வாரிய லாரி காலை பத்துக்கு வரும் என்பார்கள். சில நாள் ஒரு மணிக்குத்தான் வரும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நகர முடியாது. நகர்ந்தால் வரிசை போய்விடும். லாரி வந்ததும் ஹோஸைப் பிடிக்கவே இரண்டு பேர் வேண்டும். அன்று வேலைக்குப் போகாவிட்டால், நான் வேலை செய்யும் வீட்டுக்காரம்மா சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். அந்தத் தண்ணீருக்குக் காசு இல்லை என்றுதான் பெயர். நானோ அரைநாள் கூலியைக் கொடுத்துத்தான் அதைப் பிடித்தேன். பிள்ளைத்தாய்ச்சிகளும் வயதானவர்களும் குடம் தூக்க முடியாமல் கேனுக்கே போகிறார்கள்.

ஆகவே தெருவுக்குத் தெரு பெரிய சிந்தெக்ஸ் தொட்டி வைத்து, குறித்த நேரத்தில் நிரப்பச் சொல்லி, வார்டு கவுன்சிலரிடமும் வாரியத்தின் பகுதி அலுவலகத்திலும் தெருவாக எல்லோரும் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

பதில் 3 (வழக்கறிஞர், சைதாப்பேட்டை)

சட்டத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தண்ணீர், பராமரிப்பு போன்ற கட்டணங்கள் எவ்வளவு, எப்போது உயரும் என்பதை அதிலேயே எழுதிக்கொள்வது உங்களுக்குப் பாதுகாப்பு. பணத் தகராறு இருக்கிறது என்பதற்காக உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த முடியாது. நிறுத்தினால், இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் வாடகை அதிகார அலுவலரிடம் முறையிடலாம். விசாரணை முடியும் முன்பே மீண்டும் வழங்கச் சொல்லி இடைக்கால உத்தரவு பிறப்பிக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எங்களிடம் எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை. முன்பணம் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருக்கிறது. இப்போது ஒப்பந்தம் கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று மனைவி பயப்படுகிறார்.

பதில் 3 (வழக்கறிஞர், சைதாப்பேட்டை)

அந்தப் பயம் நியாயமானது. எழுத்து ஒப்பந்தம் இல்லாமையே காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாக முன்வைக்கப்படலாம் என்பதால், எடுத்த எடுப்பில் சட்டத்தைச் சொல்ல வேண்டாம். முதலில் ஐந்து குடித்தனக்காரர்களும் சேர்ந்து, மாதம் எத்தனை லாரி வந்தது, ஒரு நடைக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற ரசீதுகளை உரிமையாளரிடம் பணிவாகக் கேளுங்கள். ஐந்து 700 சேர்ந்தால் 3,500 ரூபாய். லாரிச் செலவு அதற்குக் குறைவாக இருந்தால் பேசுவதற்கு இடம் இருக்கிறது. அதே பேச்சில், உங்கள் தெருவில் வாரியக் குழாய் பதித்திருந்தால் இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மாதந்தோறும் லாரிக்குக் கொடுக்கும் பணம் அவருக்கும் மிச்சமாகும். துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இனி வாடகையையும் தண்ணீர்க் காசையும் வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ மட்டுமே அனுப்புங்கள்.