திறந்த மனமா, விரிமனமா?

> ஓப்பன்னெஸ் என்பதற்குத் ‘திறந்த மனம்’ போதுமே, எதற்குப் புதுச் சொல்?

ஐயா, போதாது. எங்கள் கடலூரில் ‘திறந்த மனசுக்காரர்’ என்றால் எதையும் ஒளிக்காமல் பட்டென்று பேசுபவர். உளவியல் சொல்வது வேறு: ஆளுமையின் ஐந்து பெரும் பண்புகளில் ஒன்று, அனுபவங்களுக்கும் எண்ணங்களுக்கும் மனம் எவ்வளவு இடங்கொடுக்கிறது என்பது. உளவியலாளர்கள் காஸ்டாவும் மெக்ரேயும் இதற்கு ஆறு கூறுகள் வைத்தார்கள்: கற்பனை, அழகுணர்ச்சி, உணர்வு, செயல், கருத்து, விழுமியம். வாயே திறக்காத உம்மணாமூஞ்சிகூட இதில் மேலே இருக்கலாம்.

‘புதுமை நாட்டம்’ பாதிதான் பொருந்துகிறது. பழைய நாகசுர ரெக்கார்டையே திரும்பத் திரும்பக் கேட்டுக் கண்கலங்குபவருக்கு அது எப்படி ஒட்டும்?

என் பரிந்துரை ‘விரிமனம்’. வினைத்தொகை, விரிந்த, விரிகிற, விரியும் என்று முக்காலத்துக்கும் நிற்கும்.

சரி, ஒரே கேள்விக்குப் பல விடை தேடும் ‘விரிசிந்தனை’யோடு (டைவர்ஜென்ட் திங்கிங்) குழம்பாதா? செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்கும், உளவியலாளர் கில்ஃபோர்டின் சோதனையை ஒருமுறை வகுப்பில் கொடுத்தேன். ஒரு பையன் சுவர், அடுப்பு, கதவுக்கு முட்டு என்று மூன்றோடு பேனாவை மூடிவிட்டான். துறைமுகப் பக்கத்துப் பெண் ஒருத்தி மணி அடித்தும் நிறுத்தவில்லை. ‘கருவாட்டின் மேல் போர்த்திய வலை பறக்காமல் நாலு மூலைக்கும் வைக்கலாம்’ என்பது அவளுடைய பதினோராவது விடை. அவள் எழுதியது விரிசிந்தனை, அது திறன். எழுதத் தூண்டியது விரிமனம், அது இயல்பு. இரண்டும் சேர்ந்து போகின்றன என்று மெக்ரே 1987இல் காட்டினார். ஒன்றேதான் என்று சொல்லவில்லை. சொற்களும் உறவாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

அடுத்து, ஆட்களைப் பதினாறு ஆளுமை வகையாகப் பிரிக்கும் மயர்ஸ்-பிரிக்ஸ் வகைப்பாட்டின் ‘ஜட்ஜிங்’. ‘தீர்ப்பு வகை’ என்றால் கோர்ட்டு வாடை அடிக்கிறது. சீர்தூக்கும் திறமை இவர்களுக்குத்தான் கூடுதல் என்றும் தோன்றிவிடும். உண்மையில் அது எதையும் சீக்கிரம் முடிவுகட்டி ஒழுங்காக வைக்கும் விருப்பம். 1989இல் மெக்ரேயும் காஸ்டாவும் ஒப்பிட்டபோது இது அந்த ஐந்து பண்புகளில் இன்னொன்றான பொறுப்புணர்வோடு சேர்ந்தது. விரிமனத்தோடு நெருங்கியது மயர்ஸ்-பிரிக்ஸின் உள்ளுணர்வு (இன்ட்யூஷன்) அச்சு. ஆகவே ‘ஜட்ஜிங்’ என்பது ‘முடித்துவைப்பு’, முடிவை ஒத்திப்போடும் ‘பெர்சீவிங்’ என்னும் எதிர்ப்பக்கம் ‘விட்டுவைப்பு’.

பேனாவை மூடிய பையன்தான் அந்த ஆண்டு துறை மலரைச் சொன்ன தேதியில் அச்சுக்கு அனுப்பினான். அந்தப் பெண்ணின் கட்டுரை மூன்று நினைவூட்டலுக்குப் பிறகு வந்தது. மலரில் படிக்கும்படி இருந்ததும் அதுதான்.

விரிமனத்தின் எதிர்ச்சொல் ‘குவிமனம்’ வேண்டாம், தியானம் போல ஒலிக்கிறது. நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

— கடலூர் முதுநகர்

> எதிர்ப்பக்கம் ‘விட்டுவைப்பு’

விரிமனம் எனக்குச் சம்மதம். விட்டுவைப்பு மட்டும் சாப்பாட்டைத் தட்டில் மீதம் வைத்தவனைத் திட்டுவது போல இருக்கிறதே ஐயா. ‘காத்துவைப்பு’ சரிவருமா?

— புதுச்சேரி