கப்ளிங் வரைபடத்தில் ஜியோமெட்ரிக் டொலரன்ஸ்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (உப்புவெளி)

வணக்கம். திருகோணமலையில் மீன்பிடிப் படகு எஞ்சின்களைத் திருத்தும் பட்டறை ஒன்றில் தொழில் பழகுகிறேன். கியர்பொக்ஸையும் புரொப்பெல்லர் ஷாப்டையும் இணைக்கும் கப்ளிங் ஒன்றைப் புதிதாகக் கடைவதற்கு வரைபடம் தயாரிக்குமாறு கேட்டிருக்கிறார்கள். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் எம்10 போல்டுகளுக்கு நான்கு துளைகள். முகத்தின் நடுவே, கியர்பொக்ஸ் பிளாஞ்சின் குழிக்குள் அமரும் வட்ட மேடு. அதனூடே ஷாப்ட் நுழையும் நடுத்துளை. ஜியோமெட்ரிக் டொலரன்ஸ், அதாவது வடிவத்திலும் இடத்திலும் எவ்வளவு விலகலாம் என்பதைக் காட்டும் குறியீடுகளின் பொருள் எனக்கு விளங்குகிறது. ஆனால் எந்தப் பரப்பை டேட்டமாக (மற்றவற்றை அளப்பதற்கான அடிப்படையாக) எடுப்பது, துளைகளுக்கு எவ்வளவு விலகலை அனுமதிப்பது என்பது பிடிபடவில்லை. அனுபவமுள்ள ஐயாமார் விளக்குவீர்களா?

பதில் 1

தம்பி, குறியீட்டு அட்டவணையை மூடி வைத்துவிட்டு, அந்தக் கப்ளிங் படகில் எப்படிப் பூட்டப்படுகிறது என்று முதலில் பாருங்கள். போல்டை இறுக்கும்போது தட்டை முகம் கியர்பொக்ஸ் பிளாஞ்சோடு ஒட்டி, கப்ளிங் சரியாதபடி நிறுத்துகிறது. எனவே அதுவே டேட்டம் ஏ. வட்ட மேடு குழிக்குள் அமர்ந்து மையத்தைத் தீர்மானிக்கிறது. எனவே அது டேட்டம் பி. முகத்துக்குத் தட்டைத்தன்மையும், மேட்டுக்கு ஏ-யைச் சார்ந்த செங்குத்துத்தன்மையும் கொடுங்கள். அதன் பின்பே துளைகளுக்கு வாருங்கள்.

துளையின் மிகச் சிறிய விட்டம் 10.5, போல்டின் மிகப் பெரிய விட்டம் 10 என்றால், வித்தியாசமான 0.5 மில்லிமீற்றரையே விட்டமாகக் கொண்ட பொசிஷன் டொலரன்ஸை (துளையின் மையம் விலகக்கூடிய வட்ட எல்லையை) ஏ, பி சார்ந்து கொடுக்கலாம். எம்எம்சி குறியையும் (அந்த எல்லை துளை மிகச் சிறியதாக இருக்கும்போதைக்கானது என்று சொல்லும் குறி) சேர்த்தால், துளை 10.7 ஆக அமையும்போது 0.7 வரை விலகலாம். போல்ட் அப்போதும் தடையின்றி நுழையும். குறுக்கிலும் நெடுக்கிலும் தனித்தனியே விலகலைக் கொடுக்கும் கூட்டல் கழித்தல் முறை இங்கே பொருந்தாததற்குக் காரணம், அது சதுரமான எல்லையைத் தருவதாகும். போல்டுக்குத் தேவையானது மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது மட்டுமே. எந்தத் திசையில் என்பது அதற்குப் பொருட்டல்ல. அந்தச் சதுரத்தின் மூலைகளைத் தொடும் வட்டத்தின் பரப்பு சதுரத்தை விட 57 சதவீதம் அதிகம். நன்றாக வேலை செய்யக்கூடிய உறுப்புகளைச் சதுர எல்லையைக் காட்டி வீணே ஒதுக்குவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

பதில் 2 (சீனக்குடா)

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் கியர்பொக்ஸ் பிளாஞ்சிலும் போல்ட் தளர்வாக நுழையும் துளைகள் இருந்தால் மட்டுமே. அங்கே மரை வெட்டியிருந்தால் போல்ட் ஒரே இடத்தில் நின்றுவிடும், அந்த 0.5 மில்லிமீற்றரை இரண்டு உறுப்புகளும் பங்கிட வேண்டும். ஆகவே வரைவதற்கு முன் பிளாஞ்சைக் கழற்றிப் பாருங்கள்.

நடுத்துளையில் இன்னும் கவனம் வேண்டும். மெல்லிய சுவருள்ள கப்ளிங்கை லேத்தின் மூன்று தாடைச் சக்கில் (உறுப்பைப் பிடிக்கும் பகுதியில்) இறுக்கிப் பிடித்துத் துளையைக் கடைந்தால், சக்கில் இருக்கும்வரை அது வட்டமாகவே இருக்கும். கழற்றியதும் மூன்று இடங்களில் புடைத்து நிற்கும். இரண்டு முனைகளால் அளக்கும் கருவியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே விட்டத்தையே காட்டும். ஆனாலும் ஷாப்ட் நுழையாது. துளையின் மிகச் சிறிய அளவுக்குச் செய்த உருளையான ‘கோ’ பிளக் கேஜ் இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கும். ஐஎஸ்ஓ 8015 என்ற சர்வதேசத் தரத்தின்படி அளவும் வடிவமும் தனித்தனித் தேவைகள். இரண்டையும் கட்டிப்போட, வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்துள்ள குறியை அளவின் அருகே போட வேண்டும். ஏஎஸ்எம்ஈ வை14.5 என்ற அமெரிக்கத் தரத்தில் அந்தக் கட்டுப்பாடு குறி இல்லாமலே செல்லும். எனவே எந்தத் தரத்தின்படி வரைந்தீர்கள் என்பதைத் தலைப்புக் கட்டத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

நடுத்துளைக்கு ஏ, பி சார்ந்த ரன்அவுட் (சுழற்றும்போது அனுமதிக்கும் ஆட்டம்) கொடுங்கள். டயல் கேஜ் இருந்தால் பட்டறையிலேயே பார்க்கலாம். முகம், மேடு, நடுத்துளை மூன்றையும் லேத்தில் ஒரே பிடியில் கடைந்தால் அதை எட்டுவது கடினமல்ல.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பிளாஞ்சைக் கழற்றினேன், மரை இல்லை, தளர்வான துளைகளே. நடுத்துளையில் சாவிப்பள்ளம் (ஷாப்டோடு பூட்டும் சாவிக்கான பள்ளம்) உண்டு. துளைகளை அதற்கு நேராக நிறுத்த மூன்றாவது டேட்டம் தேவையா?

பதில் 1

தேவையில்லை. நான்கு துளைகளும் சம இடைவெளியில் உள்ளன. ஷாப்ட் சுழன்று கொடுக்கும். சாவிப்பள்ளம் எந்தக் கோணத்தில் நின்றாலும் பூட்டுவதில் மாற்றம் வராது. சாவிப்பள்ளத்தின் அகலத்துக்கும், அது நடுத்துளையின் அச்சுக்குச் சமச்சீராக அமைவதற்கும் மட்டும் டொலரன்ஸ் கொடுங்கள்.