பழைய காரின் டிக்கிக்கு பவர் லாக் ஸ்விட்ச் போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

தாம்பரம் ஜென்

என் ஜென்னில் சென்ட்ரல் லாக் வெளியே வாங்கிப் போட்டதுதான். கிட்டில் வரும் இரண்டு வயர் மோட்டாரில் ஒன்றை டிக்கிக்கும் கொடுத்து, நம்பர் பிளேட் லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு புஷ் பட்டன் வைத்தோம். அழுத்தினால் எல்லா லாக்கும் திறக்கும். புதுப்பேட்டையில் வாங்கிய சாதா பட்டன்.

ஐப்பசி மழை. ராத்திரி வாசலில் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு கேட்டைச் சாத்தும்போது பின்னால் 'டக்'. திரும்பினால் நான்கு கதவின் நாபும் ஒன்றாக மேலே எழுந்து நிற்கிறது. சுற்றிலும் யாரும் இல்லை. சாவி போட்டுப் பூட்டினேன். படி ஏறுவதற்குள் மறுபடி 'டக்'. எதிர்வீட்டுத் தாத்தா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "தம்பி, விபூதி இருக்கா?" என்றார்.

பட்டனுக்குள் தண்ணீர். எல்லா லாக்கையும் இயக்கும் கன்ட்ரோல் பெட்டிக்கு லேசாக எர்த் சிக்னல் போனாலே போதும், திறந்துவிடும். காரணம் தெரிந்துவிட்டது. ஆனாலும் ராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டால் இன்றும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

மதுரை இண்டிகா

உங்களுக்குத் தானாகத் திறந்தது, எங்களுக்குத் திறக்கவே இல்லை. குலதெய்வம் கோயில் வாசல், உச்சி வெயில். பொங்கல் பானை, வெல்லம், அரிசி எல்லாம் டிக்கிக்குள். டேஷ்போர்டில் வைத்த ஸ்விட்சைத் தட்டினால் சத்தமே இல்லை. சாவி போடலாம் என்றால், மோட்டார் ராடுக்கு இடம் வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சாவித் துளைக்குப் போகும் ராடைக் கழற்றிவிட்டிருக்கிறார்! சாவி சும்மா சுற்றுகிறது.

கடைசியில் பின் சீட்டை மடக்கி, சித்திதான் பட்டுச்சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உள்ளே போனார். "பானை வருது, பிடிங்கடா" என்று சீட்டுக்கு மேலே வெறும் கையும் பானையும் மட்டும் தெரிந்தது. பூசாரி சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் பிரித்துப் பார்த்தால், டிக்கிக்குப் போகும் வயரை, பாடிக்கும் டிக்கிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் விடாமல் வெளியிலேயே இழுத்திருந்தார்கள். கீல் நசுக்கி, உறை கிழிந்து, பாடியில் பட்டு ஃபியூஸ் போயிருக்கிறது.

கோவை வயர்மேன்

ஜென் தம்பி, பட்டன்மேல் பழியைப் போடாதீர்கள். வண்டி பூட்டியிருக்கும்போதும் வெளிப்பட்டன் வேலை செய்தால், மழை எதற்கு, போகிற வருகிறவன் எவன் அழுத்தினாலும் மொத்த வண்டியும் திறக்குமே! வெளியே வைக்கும் பட்டன், கதவுகளின் பூட்டு ஏற்கெனவே திறந்திருக்கும்போது மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். இல்லை, பட்டனை டேஷ்போர்டுக்குக் கொண்டு போய்விடுங்கள்.

என் கதை சின்னது. ஒரு பழைய வேன் டிக்கியில் லாக் மோட்டாரை வைத்தே கொக்கியை இழுக்கப் பார்த்தார்கள். ரப்பர் பீடிங் அழுத்தத்தில் கொக்கி அசையவில்லை, மோட்டார் முனகிக்கொண்டே கிடந்தது. பூட்டைத் தள்ளுவதற்கு அந்த மோட்டார் போதும். கதவே பட்டென்று திறந்து வர வேண்டுமானால் அதற்கென்று சாலினாய்டு, அதாவது கரண்ட் கொடுத்தால் தண்டைப் பலமாக இழுக்கும் காந்தச் சுருள் இருக்கிறது, அது வேறு சாமான்.

சொல்ல வந்துவிட்டேன், மற்றதையும் சொல்கிறேன். வயர் ரப்பர் குழாய்க்குள்தான் போக வேண்டும். டிக்கியை முழுசாகத் தூக்கிப் பார்த்து, இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள். மடங்கும் இடத்தில் சால்டரிங் ஜாயின்ட் வைத்தால் அங்கேயே ஒடியும், ஜாயின்ட் உள்ளே பாடிப் பக்கம் இருக்கட்டும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயராக வாங்குங்கள். டிக்கிக்கு எர்த்தைக் கீலை நம்பி விடாதீர்கள். பெயின்டும் கிரீஸும் சேர்ந்து ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. தனி வயர் இழுத்து பாடியில் போல்ட் போடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில். மோட்டாரை நேராக ஸ்விட்சில் கட்டினால் விரல் இருக்கும் வரை கரண்ட் ஓடி சூடாகிக் கருகும். கன்ட்ரோல் பெட்டி வழியாகப் போனால் ஒரு தட்டு கொடுத்துத் தானே நிறுத்திக்கொள்ளும். ராடு வளைக்கும்போது முதலில் கையால் தள்ளிப் பாருங்கள், கையால் தள்ளும்போது சிக்கினால் மோட்டாரிலும் சிக்கும். சாவி ராடைக் கழற்றுகிற ஆளிடம் வண்டியையே விடாதீர்கள்.

தாம்பரம் ஜென்

சார், பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். குனிந்து தடவினால்தான் கைக்குக் கிடைக்கும்.

கோவை வயர்மேன்

எதிர்வீட்டுத் தாத்தாவுக்கும் தெரியாதா?

ஈரோடு 800

இவ்வளவு வயரிங் எதற்கு? டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து லீவரின் கேபிளை மாற்றினால் வேலை முடிந்ததே. ஃபியூஸ் போகாது, பேயும் வராது.

மதுரை இண்டிகா

லீவர் இருப்பவர்களுக்குச் சரி அண்ணே. கையில் இரண்டு பையோடு நிற்கும்போது யார் முன்னால் போய் இழுப்பது?

திருச்சி அம்மா வண்டி

அம்மாவுக்கு மூட்டுவலி, விரல் மடங்காது. டிக்கி சாவியைத் திருப்ப முடியாமல் காந்தி மார்க்கெட்டில் காய்கறிப் பையை மடியில் வைத்தபடி முன்சீட்டில் உட்கார்ந்து வருவார். ஸ்விட்ச் போட்ட வாரம், இரண்டு கையிலும் பை, முழங்கையால் ஒரு தட்டு. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையை உள்ளே வைத்துவிட்டு அடுத்த பைக்கு நடந்துவிட்டார்.

இங்கே எல்லாரும் சொல்வதைப் படித்தால் பயமாக இருக்கிறது, மழைக்காலம் இன்னும் வரவில்லை. எங்களுடையதும் வெளிப்பட்டன்தான். கோவை சார், டிரைவர் கதவின் பூட்டு திறந்திருந்தால் மட்டும் பட்டன் வேலை செய்ய, சிக்னலை எந்த வயரிலிருந்து எடுப்பது? டிரைவர் கதவில் இருக்கும் மாஸ்டர் மோட்டாரில் ஐந்து வயர் வருகிறது. நீலமும் பச்சையும் மோட்டாருக்கு என்றார் கடைக்காரர், மற்ற மூன்றைப் பற்றிச் சொல்லவில்லை.