பேரிங் மாற்ற வீட்டிலேயே செய்த கருவி: செந்தூலிலிருந்து ஓர் அனுபவம்

சக்கரப் பேரிங்கை (உள் வளையம், வெளி வளையம், நடுவே உருளும் எஃகுக் குண்டுகள் கொண்ட பாகம்) சுத்தியலால் தட்டிப் போட்டு, ஒரு மாதத்தில் மறுபடி சத்தம் வந்ததாக இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் அதேதான் நடந்தது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் கப்சாய்க்கு, அதாவது சின்ன மோட்டார் சைக்கிளுக்கு, பதினாறு வயது. வேகம் நாற்பதைத் தாண்டினால் பின் சக்கரம் 'ஊ' என்று முனகும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் டக் டக் என்று ஆடும். பக்கத்து பெங்கலில் (வண்டி பழுது பார்க்கும் பட்டறை) கொடுத்தேன். அந்தப் பையன் புதுப் பேரிங்கை வைத்து, ஒரு சின்ன ஸ்பானர் சாக்கெட்டை அதன் உள் வளையத்தில் நிறுத்தி, மேலே சுத்தியலால் நாலு போடு போட்டான். ஐந்தே வாரம், பழைய முனகல் திரும்பிவிட்டது.

அப்பா கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். தேவையான கருவி கையில் இல்லை என்றால், முதலில் கருவியைச் செய்துகொண்டு அப்புறம் வேலையைத் தொடுவது அவர் வழக்கம். கெட்டுப்போன பேரிங்கைத் துணியில் சுற்றி வைஸில் நசுக்கி உடைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, வளையத்தை என் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். குண்டுகள் உட்கார்ந்திருந்த இடங்களில் வரிசையாகக் குழிகள். நகத்தில் தட்டுப்பட்டன.

"அவன் அடிச்ச அடி எல்லாம் குண்டு வழியாத்தான்டா போயிருக்கு" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். சக்கரக் கூட்டில், அதாவது சக்கரத்தின் நடுவே பேரிங்குக்கான குழியில், இறுக்கமாக உட்கார வேண்டியது வெளி வளையம். உள் வளையத்தில் அடித்தால், அந்த அடி குண்டுகளைத் தாண்டித்தான் வெளி வளையத்துக்குப் போக முடியும். புதுப் பேரிங் பொருத்தும்போதே செத்துவிடுகிறது.

கழற்றுவதற்கு அப்பா எடுத்தது, சுவரில் அலமாரி மாட்டும் ஆங்கர் போல்ட். என் வண்டியில் இருந்த பேரிங்கின் அளவு எண் 6301: உள் ஓட்டை 12 மில்லி, வெளி விட்டம் 37, அகலம் 12. அந்த போல்ட்டின் உறை 12 மில்லி ஓட்டைக்கு உள்ளே சரியாக நுழைந்தது. நட்டை முறுக்கியதும் உறை விரிந்து உள் வளையத்தைக் கவ்விக்கொண்டது. எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு கம்பியை விட்டுத் தட்டினோம், பேரிங் வந்துவிட்டது. கழற்றும்போது உள் வளையத்தில் அடி விழுந்தால் கவலை இல்லை, அது எப்படியும் குப்பைக்குப் போகிற பேரிங்தான்.

பொருத்துவதற்கு ஜாலான் சான் சௌ லின் பக்கம் போய் ஒரு எம்10 திரட் ராட் (நீளம் முழுக்கத் திருகு வெட்டிய 10 மில்லி கம்பி), நட்டுகள், கனமான வாஷர்கள் வாங்கி வந்தேன். புதுப் பேரிங்கைத் தள்ளும் தட்டாகப் பயன்பட்டது இன்னொரு பழைய பேரிங். அதன் வெளி விட்டத்தைக் கிரைண்டரில் அரை மில்லி குறைத்தோம், இல்லாவிட்டால் அதுவும் கூட்டில் மாட்டிக்கொள்ளும். அரத்தில் தேய்க்க முடியாது, அந்த எஃகு அவ்வளவு கடினம். ராடைச் சக்கரத்தின் நடுவே இரண்டு பக்கமும் வெளிவர விட்டு நட்டை முறுக்கினால் ஒரு சுற்றுக்கு 1.5 மில்லி உள்ளே போகும். எட்டுச் சுற்றில் முழுப் பேரிங்கும் உட்கார்ந்தது. கோணலாகப் போனால் கையிலேயே தெரியும். நிறுத்தி, நேராக்கி, மறுபடி முறுக்கலாம். சுத்தியலில் அந்த வசதி கிடையாது.

கொஞ்சம் சுருங்கட்டும் என்று முதல் நாள் இரவே புதுப் பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தேன். பையைக் கடைசி நிமிடத்தில்தான் பிரிக்க வேண்டும், நம் ஊர் ஈரக்காற்றில் உடனே வியர்த்துவிடும். அலுமினியக் கூட்டை ஹீட் கன்னால் சூடாக்கினோம். 37 மில்லி ஓட்டை, 50 டிகிரி கூடினால் ஏறக்குறைய 0.04 மில்லி விரியும். கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், ஆனால் இறுக்கத்தை அதுவே நன்றாகக் குறைத்துவிடுகிறது.

இரண்டு பேரிங்குக்கும் நடுவே இருக்கும் குழாயை மட்டும் மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் ஆக்ஸிலை இறுக்கினால் இரண்டு பேரிங்கும் பக்கவாட்டில் நசுங்கும்.

ஒரு தப்பும் நடந்தது. அவசரத்தில் பழைய பேரிங்கின் மேல் நேராகச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். கடின எஃகில் ஒரு சில் பெயர்ந்து முன்கையில் ஏறிவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அப்பா எதுவும் பேசாமல் ஒரு பித்தளைக் கம்பியைக் கையில் கொடுத்தார். இப்போது அதை வைத்துத்தான் தட்டுகிறேன்.

வேலை முடிந்து எட்டு மாதம் ஆகிறது, முனகல் இல்லை. ஆனால் பிரேக்கிலும் ஆக்ஸில் நட்டிலும் நான் கைவைத்தியம் செய்வதில்லை. நட்டைச் சரியான அளவுக்கு இறுக்க டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டேன்.

பட்டர்வொர்த்திலிருந்து வந்த பதில்:

அண்ணே, எங்கள் வீட்டு மாவு கிரைண்டரிலும் இதே கதை. பேரிங்கைப் பிடித்திருந்த சர்க்கிளிப்பை (வாய் திறந்த ஸ்பிரிங் வளையம்) ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், பறந்து போய் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அப்புறம் பழைய கூர்மூக்குக் குறடு ஒன்றின் நுனிகளைத் தேய்த்து, கிளிப்பின் இரண்டு ஓட்டைக்குள்ளும் நுழைகிற மாதிரி ஆக்கினேன். இப்போது கழற்றும்போது மேலே ஒரு துணியையும் போட்டுவிடுகிறேன். என் பேரிங் 6202. உங்கள் ராட் இதற்கு ஆகுமா?

என் பதில்:

ஆகும்மா. 6202-க்கு உள் ஓட்டை 15, வெளி விட்டம் 35. எம்10 ராட் தாராளமாகப் போகும், தள்ளும் தட்டை மட்டும் 35-க்குக் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொள். அதில் ஷாஃப்ட்டும் உள் வளையமும் இறுக்கமா, கூடும் வெளி வளையமும் இறுக்கமா என்று முதலில் பார். ஷாஃப்ட்தான் இறுக்கம் என்றால் உள் வளையத்தைத் தள்ள வேண்டும்.