பாட்டு யாரோடதுங்க?

எல்லைக்காரன்:
நேத்து இங்க ஒருத்தர், தோல் பாவையோட நிழலைத் திரையில காட்டற கூத்தைப் பத்தி எழுதிட்டுப் போயிருக்காரு: "தோல்பாவைக்கூத்து சுத்தமான கேரளக் கலை, பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லித் தரணும்"னு. படிச்சதுலேர்ந்து சோறு எறங்கலீங்க. பாலக்காட்டு பகவதி கோயில் கூத்துமாடத்துல, அதான் இந்தக் கூத்துக்குன்னே கட்டின மேடையில, விடிய விடியப் பாடறது கம்பன் பாட்டு. கம்பன் எந்த ஊருங்க?

ஒலவக்கோட்டான்:
எழுதினது நாந்தான். கூத்துமாடம் எங்க இருக்கு? ஷொர்ணூர், ஒற்றப்பாலம் பக்கம். பாவை ஆட்டற கலைஞர்கள், புலவர்னு சொல்றோமே அவங்க, இந்த மண்ணுக்காரங்க. விளக்கம் சொல்றப்ப மலையாளமும் வருது. தாரிகன்ங்கற அசுரனோட சண்டையில இருந்ததால ராவண வதத்தைப் பாக்காமப் போன பத்ரகாளிக்காக, அதான் அந்த பகவதிக்காக, நடக்கற கூத்து அது. உங்க பக்கத்துல கூத்துமாடம் ஒண்ணு காட்டுங்க.

எல்லைக்காரன்:
பாட்டு?

கோவிந்தாபுரத்தம்மா:
எம் பொண்ணு இங்க கேரளத்துலயே ஆறாவது, தமிழ் மீடியம். பாவை செஞ்சுட்டு வரச் சொன்னாங்க. செருப்பு டப்பாவை வெட்டிப் பத்துத் தலை ராவணன் பண்ணினா. வெளிச்சம் வரட்டும்னு இருபது கண்ணுலயும் ஊதுவத்தியால ஓட்டை போட்டா. டீச்சருக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனா இவ ரெண்டு வரி தமிழ்ல பாடினதும், "பாட்டு வேண்டாம், மலையாளத்துல டயலாக் போதும்"னுட்டாங்க. ராவணன் இப்ப பீரோ மேல கெடக்கறான்.

ஒலவக்கோட்டான்:
கேக்கற பிள்ளைகளுக்குப் புரிய வேண்டாமாம்மா?

கோவிந்தாபுரத்தம்மா:
அந்த வகுப்புல அத்தனையும் தமிழ்ப் பிள்ளைங்கதான் சார்.

எல்லைக்காரன்:
பாத்தீங்களா! பகவதிக்கே கம்பன் தமிழ் புரியுது, டீச்சருக்குப் புரியலையாம். 1956 வரைக்கும் நம்ம பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரெல்லாம் மெட்ராஸோட இருந்த ஊரு, ஞாபகம் இருக்கட்டும்.

சும்மா வந்தேன்:
தப்புங்க. சித்தூர் கொச்சி ராஜாவோடது. மெட்ராஸ்ல இருந்தது பாலக்காடு, மலபார் ஜில்லாவுல.

எல்லைக்காரன்:
கொச்சியோ கிச்சியோ, பாட்டு தமிழ்.

ஒலவக்கோட்டான்:
பாட்டு பாட்டுன்னு எத்தனை தடவை? 1930ல மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் கலாமண்டலம்னு கலைப்பள்ளி ஆரம்பிச்சாரு, கதகளி தலை நிமிர்ந்துச்சு. கம்பன் கம்பன்னு மார் தட்டற நாம பாவைக்கு என்ன செஞ்சோம்? ஒரு ராத்திரி முழுசா முழிச்சிருந்து பாத்திருக்கீங்களா நீங்க?

எல்லைக்காரன்:
பாதி ராத்திரி வரைக்கும் பாத்திருக்கேன். கொசு.

சும்மா வந்தேன்:
திரைக்குப் பின்னால 21 விளக்கு, தேங்கா மூடியில எண்ணெய் ஊத்தி ஏத்துவாங்க. அதையாவது பாத்தீங்களா?

எல்லைக்காரன்:
தேங்கா கேரளத்தோடதுன்னே வச்சுக்கோங்க. பாட்டு?

ஒலவக்கோட்டான்:
இவ்வளவு பேசறவரு மகன் எந்த மீடியம்? இங்கிலீஷ்தானே?

எல்லைக்காரன்:
அது வீட்டுக்காரி முடிவு. அதை எதுக்கு இங்க இழுக்கறீங்க? பொங்கல் வசூலுக்கு வந்தப்ப கதவைத் தெறக்காதவரு நீங்க, நீங்க பேசலாமா?

ஒலவக்கோட்டான்:
யோவ், நூறு ரூபா குடுத்தேன்யா!

எல்லைக்காரன்:
அம்பது. நோட்டுல எழுதியிருக்கு. போட்டோ போடட்டுமா?

கோவிந்தாபுரத்தம்மா:
ஊதுவத்தி வச்சதுல ஒரு கண்ணு பெருசாக் கருகிப் போச்சு. எதை வச்சு ஒட்டலாம்னு யாராவது சொல்றீங்களா?

ஒலவக்கோட்டான்:
போடுங்க போட்டோவை. நூறுதான்.

எல்லைக்காரன்:
வீட்டுக்குப் போய்ப் போடறேன். அதுவரைக்கும் இதுக்குப் பதில் சொல்லுங்க: பாட்டு யாரோடது?