2026 ஹாக்கி சீசன்: இந்திய அணிகிட்ட பார்த்ததை வச்சு எழுதுங்க

லெஃப்ட் ஹாஃப்:
2026 ஆகஸ்ட்ல நெதர்லாந்து, பெல்ஜியத்துல உலகக் கோப்பை. செப்டம்பர்ல ஜப்பான்ல ஆசிய விளையாட்டு. அங்க தங்கம் அடிச்சா லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு நேரா டிக்கெட். 1975-க்கு அப்புறம் உலகக் கோப்பையில நமக்கு ஒரு மெடலும் இல்ல. இந்தத் தடவை வரும்னு உறுதியா நம்புறேன். காரணம் 2025-ல பீகார் ராஜ்கிர்ல நடந்த ஆசியக் கோப்பை ஃபைனல். கொரியாவை 4-1-னு ஜெயிச்சோம், அதுல மூணு ஃபீல்டு கோல் (ஓட்ட ஆட்டத்துலயே அடிக்கிற கோல்). சுக்ஜீத் முதல் நிமிஷத்துலயே அடிச்சார், தில்ப்ரீத் ரெண்டு. பாரிஸ் ஒலிம்பிக்ல பெனால்டி கார்னர் அடிக்கிற ஹர்மன்ப்ரீத் சிங் ஒருத்தரே 10 கோல் போட வேண்டியிருந்துச்சு. அந்தப் பாரம் இப்ப பிரியுது.

டி-க்கு வெளியே:
ஃபீல்டு கோல் சரி. ஆனா பெரிய மேட்ச்சை முடிக்கிறது பெனால்டி கார்னர்தான் (கோல் முன்னாடி இருக்கிற அரைவட்டமான டி-க்குள்ள எதிரணி தப்பு செஞ்சா கிடைக்கிற வாய்ப்பு). கோல்போஸ்ட்ல இருந்து 10 மீட்டர் தள்ளி பேக்லைன்ல நின்னு ஒருத்தர் பந்தை புஷ் பண்ணணும். டி-க்கு வெளியே ஸ்டாப்பர் பந்தை அப்படியே செத்த மாதிரி நிறுத்தணும். ஒரு சாண் பின்னால போனாலும் கோலுக்கு அடிக்கிற ஃப்ளிக்கரோட ஸ்டெப் உடையும், ஸ்டிக்கால பந்தை இழுக்குற டிராக் நீளம் குறையும், அதுக்குள்ள எதிரணியில முதல்ல ஓடி வர்ற ஃபர்ஸ்ட் ரஷர் கோட்டை அடைச்சிடுவார். கார்னர் வீணானா எல்லாரும் ஃப்ளிக்கரைத் திட்டுறோம். பாதி நேரம் தப்பு புஷ்லயும் ஸ்டாப்லயும்தான். ஹர்மன்ப்ரீத் வெளியே உட்கார்ந்திருக்கும்போது மத்த ஃப்ளிக்கர்களான ரோஹிதாஸோ ஜுக்ராஜோ கண்டிப்பா டர்ஃப்ல இருக்கணும். ஆசியக் கோப்பை ஃபைனல்ல நாலாவது கோல் ரோஹிதாஸ் கார்னர்ல போட்டது. அதான் நம்பிக்கை.

கடைசி குவார்ட்டர்:
ஜூன் 2025 ப்ரோ லீக்கை (பெரிய நாடுகள் மோதுற சர்வதேச லீக்) யாரும் சொல்லலையே! ஐரோப்பாவுல தொடர்ந்து ஏழு தோல்வி. ஆனா ஸ்கோரைப் பாருங்க: நெதர்லாந்துகிட்ட 1-2, 2-3. அர்ஜென்டினாகிட்ட 3-4, 1-2. ஆஸ்திரேலியாகிட்ட ரெண்டும் 2-3. ஆறு மேட்ச், ஒவ்வொண்ணுலயும் ஒரே கோல் வித்தியாசம். பெல்ஜியம்கிட்டதான் 3-6-னு உடைஞ்சோம், அடுத்த மேட்ச்ல அவங்களையே 4-3. பெரிய டீம் எதையும் பார்த்து பயப்படுற அணி இல்ல இது. ஆனா ஒரு குறை: லீட் இருக்கும்போது 50-வது நிமிஷத்துக்கு அப்புறம் பந்தை நடுவுல விடுறோம். சைட்லைனுக்குக் கொண்டுபோய் ஃப்ரீ ஹிட் வாங்குற பழக்கம் வரணும். கடைசி பத்து நிமிஷத்துல பச்சை கார்டு வாங்கினா ரெண்டு நிமிஷம் பத்து பேரோட ஓடணும், அந்த ரெண்டு நிமிஷம் போதும் எதிரணிக்கு.

கோல் கீப்பர் பேட்:
ரிட்டையரான கீப்பர் ஸ்ரீஜேஷ் இடத்துக்கு யாருன்னு கேட்கிறவங்களுக்கு: பதக், கர்கேரா ரெண்டு பேரும் இருக்காங்க. ஸ்ரீஜேஷ் கோச்சா இருந்த ஜூனியர் அணி 2025 சென்னை ஜூனியர் உலகக் கோப்பையில பெல்ஜியத்தை ஷூட்-அவுட்ல (மேட்ச் சமன்ல முடிஞ்சா ஒருத்தர் கீப்பரோட மட்டும் மோதுறது) முடிச்சது, வெண்கல மேட்ச்ல அர்ஜென்டினாகிட்ட 0-2-ல இருந்து 4-2-க்கு வந்தது. ஷூட்-அவுட்ல 8 விநாடிதான். கீப்பர் முன்னாடி வந்து கோணத்தைக் குறைச்சு, முதல் ஃபீன்ட்டுக்கு (ஏமாத்து அசைவுக்கு) படுக்காம நின்னா அடிக்கிறவருக்குத்தான் நேரம் ஓடும். அந்தப் பசங்கள்ல ரெண்டு மூணு பேரை இப்பவே சீனியர் கேம்ப்ல சேர்க்கணும், ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.