சூடானால் மட்டும் அடம் பிடிக்கும் இன்ஜின்

என் காருக்குப் பதினோரு வயது, சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான சிஓஇ உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டுகிறேன், அதனால் சின்னச் சத்தம் கேட்டாலே எனக்குப் படபடப்பு. காலையில் ஈசூன் புளோக்குக்குக் கீழே சாவியைத் திருகினால் முதல் சுற்றிலேயே பிடித்துவிடும். தேக்காவுக்குப் போய் மீன் வாங்கி, ஒரு தே தாரே குடித்துவிட்டு இருபது நிமிடத்தில் திரும்பி வந்தால்தான் வம்பு. ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. அன்றைக்குப் பின்சீட்டில் வஞ்சிரத்தின் ஐஸ் உருகிச் சொட்டுகிறது, என் இடத்துக்காக ஒருவர் சிக்னல் போட்டபடி காத்திருக்கிறார், மனைவி ஒன்றுமே பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

முதலில் போன வொர்க்ஷாப்பில் பேட்டரி மாற்றினார்கள். நன்றாகச் சுற்றுகிற ஸ்டார்ட்டருக்குப் புது பேட்டரி எதற்கு என்று காசு கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்புறம் பிளக். அதுவும் வீண்.

கடைசியில் காக்கி புக்கிட்டில் ஒரு சீன அங்கிள், "ஸ்டார்ட்டர் சுற்றும்போது, இன்ஜின் வேகம் காட்டுகிற ஆர்பிஎம் முள் ஆடுதா?" என்று கேட்டார். அடுத்த தடவை மக்கர் பண்ணியபோது பார்த்தேன், முள் சுழியிலேயே செத்துக் கிடந்தது. கோளாறு கிராங்க் சென்சாரில், அதாவது இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் சுற்றுவதைக் கவனித்துச் சொல்கிற கருவியில். உள்ளே இருக்கிற மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து எங்கோ விட்டுப்போகிறது, ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டால் தீப்பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. சில கார்களில் எல்லாம் நன்றாக இருந்தாலும் முள் அசையாதாம், அதனால் அவர் ஸ்கேனர் போட்டும் உறுதி செய்துகொண்டார்.

*

அண்ணே, உங்களைப் போல என் காருக்குச் சூடு ஒரு பிரச்சினையே இல்லை, பெட்ரோல் போட்டால்தான் தொல்லை! ஜொகூருக்குப் போகுமுன் முக்கால் டேங்க் இருக்க வேண்டுமே என்று உட்லண்ட்ஸில் நிரப்பிவிட்டுத் திருகினால் இருமி இருமி அணைந்துவிடும். பெடலை நன்றாக மிதித்துக்கொண்டு திருகினால் பெட்ரோல் நாற்றத்தோடு தடதடத்து எழும். பர்ஜ் வால்வு கோளாறு. கரி டப்பாவில் பிடித்து வைத்திருக்கிற டேங்க் ஆவியை, ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்கு விடுவதுதான் அதன் வேலை. அது மூடாமல் திறந்தே நின்றால், பெட்ரோல் ஊற்றும்போது கிளம்புகிற ஆவி நேரே இன்ஜினுக்குள் போய்விடும். கழற்றி ஊதிப் பார்த்தேன், மின்சாரம் இல்லாதபோது காற்றே போகக் கூடாது, எனக்கு உறிஞ்சுகுழல் மாதிரிப் போனது. பம்ப் 'டக்'கென்று நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் என்று அமுக்குகிற பழக்கத்தை அன்றோடு விட்டேன். மிஞ்சுகிற பெட்ரோல் அந்த டப்பாவுக்குள் இறங்கி அதைக் கெடுத்துவிடும்.

*

அண்ணே, முள் ஆடியும் பிடிக்காத கேஸ் என்னுடையது. சாவியை ஆன் வரை மட்டும் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியில் காரின் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகிவிட்டு நிற்கும், அப்புறம் ஆஃப். இப்படி மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் சட்டென்று பிடித்தது. பெட்ரோல் பின்னால் திரும்பாமல் தடுக்க பம்புக்குள் இருக்கிற செக் வால்வு அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை, அவ்வளவுதான். இன்ஜினுக்குள் பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒழுகினாலும் அழுத்தம் இறங்கும், ஆனால் அப்போது பெட்ரோல் வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

*

முதலில் எழுதியவருக்கு: ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதுண்டா?

*

ஒரே ஒரு தடவை, தீவு விரைவுச்சாலையில். அதை வீட்டில் சொல்லவில்லை. ஓரம் கட்டி ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டுத் தடுப்புக்கு வெளியே நின்றேன், விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கிற ஈமாஸின் இழுவை வண்டி வந்து பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் இலவசமாகவே கொண்டு விட்டது. அதற்குள் இன்ஜின் ஆறியிருந்தது, ஒரே திருகில் பிடித்தது. இழுவை வண்டிக்காரர் என்னைப் பார்த்த பார்வை!